இந்தா, ஒரு வாய்

“சோத்த வச்சிட்டு ஏறி வாய்யா.”

இந்த வாக்கியம் முதலில் ராக்குவுடையதாக இருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட அவள் யாரையும் சிரிக்க வைக்கச் சொன்னதில்லை.

செவலமலையை நாலு பக்கமும் நாலு குவாரிகள் தின்றுகொண்டிருந்தன. ராக்குவுக்கு மேற்குக் குவாரியில் வேலை. கல் உடைத்து, கல் சுமந்து, இடுப்பு விட்டுப்போன பிறகு அவளைக் குரல் கொடுக்க நிறுத்தினார்கள். வெடி போடுவதற்கு முன்னால் பள்ளத்தின் விளிம்பில் நின்று உள்ளே இருக்கிற ஆட்களைக் கூப்பிட வேண்டும். சங்கு உண்டு. ஆனால் நாலு குவாரிச் சங்கும் மாறி மாறி ஊதிக்கொண்டே இருந்தால் எது தனக்கான சங்கு என்று பள்ளத்தில் கிடப்பவனுக்கு எப்படித் தெரியும்? பேர் சொல்லிக் கூப்பிட்டால் தெரியும். ராக்கு ஒவ்வொருவனாகப் பேர் சொல்லுவாள். கீழேயிருந்து அவன் “ஓய்” என்பான். எல்லாரும் ஓய் சொல்லி முடித்து, ஏறி வருவதற்கான நேரமும் விட்டு, அதன் பிறகு கையிலிருக்கும் சிவப்புத் துணியை ஆட்டுவாள். அந்தப் பக்கம் வெடிக்காரர் பொத்தானை அமுக்குவார். ஒருத்தன் பதில் சொல்லவில்லை என்றாலும் துணி ஆடாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கல்தூளில் செருப்பு வழுக்கும் என்று எல்லாரும் விளிம்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்குவார்கள். விளிம்பில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். துணியை ஆட்டுமுன் ராக்கு கண்ணை ஒரு தடவை செருப்புகள் மேல் ஓட்டுவாள்.

அவள் புருஷன் தவசி அதே பள்ளத்தில் டிரில் அடித்தான். கீழ்மூலையில், ஒரு பாறை மடிப்புக்குப் பின்னால் அவன் இடம். மேலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. அவன் ஏறி வருவதும் பின்பாதை வழியாகத்தான். அங்கே கிரஷர் பக்கம் தண்ணீர்க் குழாய் இருந்தது, கை கால் கழுவிவிட்டுச் சாவகாசமாக வருவான்.

ராக்கு அவன் பேரைச் சொன்னதே இல்லை. இப்போது கல்யாணமாகி வருகிற பிள்ளைகள் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகின்றன. ராக்கு வயதுக்காரிகளுக்கு அது வராது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவள் முகத்தைப் பார்ப்பாள், அவள் சொல்லிவிடுவாள். மகள் பேரைச் சேர்த்து “தர்ஷினி அப்பா” என்று கூப்பிடலாம். வயசுப்பிள்ளையின் பேரை இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் பள்ளம் அதிரக் கத்த அவளுக்கு மனசில்லை. மத்தியான வெடிக்குக் கொஞ்சம் முன்னால்தான் தவசி தூக்குவாளியைத் திறப்பான். அதனால் மற்றவர்களையெல்லாம் பேர் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக, “சோத்த வச்சிட்டு ஏறி வாய்யா” என்பாள். அவன் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதுதான் அவனுடைய பேர்.

மற்றவர்கள் ஓய் சொல்வார்கள். தவசி மட்டும், “இந்தா, ஒரு வாய்” என்பான்.

“ஏன் மதினி, அண்ணன் பேரச் சொன்னா நாக்கு வெந்துருமா?” என்பான் ஒச்சு. தவசியின் சித்தப்பா மகன், அதே பள்ளத்தில் வேலை.

“ஒம் பொண்டாட்டி ஒன்னய என்ன சொல்லிக் கூப்புடுறான்னு எனக்குத் தெரியும்டா. இங்க சொல்லவா?”

“வேணாம் தாயி. அது குடும்ப ரகசியம்.”

ஜல்லி ஏற்ற வந்த ஒரு லாரி டிரைவர் ஒரு நாள் இதைப் படம் பிடித்தான். விளிம்பில் தலைத்துண்டோடு ஒரு பெண், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள். பள்ளத்துக்குள்ளிருந்து நிதானமாக ஒரு ஆண்குரல், “இந்தா, ஒரு வாய்.” அவ்வளவுதான் படம். அடுத்த வாரம் அது எல்லார் போனிலும் இருந்தது.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸில் மேனேஜர் வருகிறார் என்றால், சோத்த வச்சிட்டு ஏறி வா. வகுப்பில் கேள்வி கேட்கப்போகிறார்கள் என்றால், சோத்த வச்சிட்டு ஏறி வா. காதலித்தவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளா, மச்சான், சோத்த வச்சிட்டு ஏறி வா. அதற்குப் பதில், இந்தா ஒரு வாய். நீளமாக இருக்கிறது என்று சீக்கிரமே “சோவா” என்று சுருக்கினார்கள். பனியனில் அச்சடித்தார்கள். மேலூர் ரோட்டில் ஒரு பரோட்டாக் கடைக்கு ‘ஒரு வாய்’ என்று பேர் வைத்தார்கள். கண்டக்டர் சொன்னார், டாக்டர் சொன்னார், எழவு வீட்டில் பாடை தூக்கும்போது ஒருத்தன் சொல்லி அடி வாங்கினான்.

தவசிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. “ஏ புள்ள, நாம பேசுனத ஒலகமே பேசுது.”

“நான் வெடிக்குக் கூப்புட்டேன். அவய்ங்க எதுக்குக் கூப்புடுறாய்ங்க?”

“சும்மா சிரிப்புக்குத்தான்.”

“எனக்குச் சிரிப்பு வரல.”

வராமல் போனதற்குக் காரணம் இருந்தது. பள்ளத்தில் இளவட்டங்கள் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓய் சொல்வதை விட்டுவிட்டு, கூட்டமாக “இந்தா ஒரு வாய்” என்று பாடினார்கள். ஒருத்தன் சொல்ல இன்னொருத்தன் சிரிக்க, எவன் பதில் சொன்னான் எவன் சொல்லவில்லை என்று பிடிபடவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு அவள் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அதையும் படம் பிடித்தார்கள்.

தர்ஷினி மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். அது தன் அம்மா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அவளுடைய போன் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அவள் குரல். அவள் வாயில் சோறு.

“யாருடி பேசுறது?” என்று ராக்கு திரும்பிப் பார்த்தாள்.

“பதிலாள்மா.”

“பதிலாளுன்னா?”

“நீங்க வேலைக்குப் போக முடியலைன்னா பதிலுக்கு ஒரு ஆளு அனுப்புவீங்கல்ல? அது மாதிரி. நாள் முழுக்க யாராவது எதையாவது அனுப்பிக்கிட்டே இருக்காங்கம்மா. எல்லாம் ஒரே மாதிரிதான். சோவான்னு வந்தா ஒரு வாய்ன்னு போகணும். போகலைன்னா கோவிச்சுக்குவாங்க. அதான் வழக்கமா வர்றதுக்கெல்லாம் என் குரல்ல அதுவே சொல்லிரும்.”

“அங்கிட்டு அனுப்புறது?”

“அதுவும் பாதி அவங்க பதிலாள்தான்.”

தவசி சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். “அப்ப சொந்த ஆளு ரெண்டு பேரும் வேலைக்கு வரல, ரெண்டு பதிலாளும் கூலி வாங்கிட்டுப் போறாய்ங்க.”

“எல்லாரும் அப்படித்தான்ப்பா.”

“நான் பேசுறதுக்கும் அதுதான் பேசுமா தாயி?”

“ச்சீ. உனக்கு நானே பேசுவேன்.”

குவாரிக்குப் பேசுகிற தொப்பி வந்தது அந்த வருஷம்தான். டிரில் சத்தத்தில் காது போகிறது என்று அரசாங்கம் சட்டம் போட்டதாகச் சொன்னார்கள். தொப்பி மாட்டினால் டிரில், கிரஷர், சங்கு எதுவும் கேட்காது. பேச்சுக் குரல் மட்டும் கேட்கும். ராக்கு இனித் தொண்டை கிழியக் கத்த வேண்டாம். மைக்கில் மெதுவாகப் பேசினால் போதும், எல்லாத் தொப்பிக்கும் போகும். அவள் தலையிலும் ஒரு தொப்பி, கையில் ஒரு பலகை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விளக்கு. பதில் வந்தால் சிவப்பு பச்சையாகும்.

பழக்கிக் கொடுக்க வந்த பையன் அவளைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான். “நீங்கதான் சோவா அக்காவா?” முதலில் அவளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டான். பிறகுதான் வேலையைச் சொன்னான்.

“ஆள் பேரைச் சொன்னீங்கன்னா அவங்க தொப்பிக்குள்ள மணி அடிக்கும். அவங்க வாயைத் தொறந்து பதில் சொல்ற வரைக்கும் மணி நிக்காது. எங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க பாப்போம்.”

ராக்கு சொன்னாள். ஒச்சு, அழகர், மச்சக்காளை, எல்லாருடைய தொப்பியும் மணி அடித்தது. கடைசியில் நிறுத்தினாள்.

“ஒண்ணு பாக்கி இருக்கேக்கா.”

“மதினிக்கு எங்க அண்ணன் பேரு வராது சார்,” என்றான் ஒச்சு. எல்லாரும் சிரித்தார்கள். தவசியும் சிரித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

“அப்ப எப்படிக் கூப்புடுவீங்க? ஓ, அதான் அதுவா? இந்த வரலாறு எனக்குத் தெரியாமப் போச்சே.” பையனும் சிரித்தான். “பரவால்லக்கா. உங்க குரல்தானே, போகும்.”

போகவும் செய்தது. அன்றைக்குப் போனது.

தொப்பிக்குள் பேசலாம் என்று ஆனதும் பயல்கள் நாள் முழுக்க அதிலேயே கூத்தடித்தார்கள். போனில் வந்த சத்தத்தையெல்லாம் ஒருத்தன் காதிலிருந்து இன்னொருத்தன் காதுக்கு அனுப்பினார்கள். வேலை ஓடவில்லை. சூப்பர்வைசர் சேவுகன் மேலே சொன்னான், மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே சொன்னார்கள். “ஒரு ஏற்பாடு பண்ணிருக்காங்க. இனிமே இந்த வெளையாட்டுப் பேச்செல்லாம் காதுக்கே வராது. வேலப் பேச்சு மட்டுந்தான்,” என்றான் சேவுகன் ஒரு நாள் காலையில். யாரும் காதில் வாங்கவில்லை.

கம்பெனி பூட்ஸும் கொடுத்திருந்தது. எல்லாரும் வீட்டிலிருந்தே பூட்ஸோடு வந்தார்கள். விளிம்பில் செருப்பு கிடப்பது நின்றுபோனது. தவசிக்கு மட்டும் பூட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, விரலிடுக்கில் புண் வைத்தது. பழையபடி செருப்பை விளிம்பில் விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினான். சேவுகன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். ராக்குவின் கண் விளிம்பிலிருந்து பலகைக்கு மாறிவிட்டிருந்தது.

மாசி மாதம், சேவுகன் அதைச் சொன்ன அன்றைக்கே மத்தியான வெடி. ராக்கு மைக்கில் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு விளக்காகப் பச்சை ஆனது. கடைசியாகச் சொன்னாள்.

“சோத்த வச்சிட்டு ஏறி வாய்யா.”

“இந்தா, ஒரு வாய்.”

அவன் குரல்தான். சிரிப்பை உள்ளே வைத்துக்கொண்டு சொல்லுகிற அதே குரல். விளக்கு பச்சையானது. முன்பாதையில் ஆட்கள் ஏறி வந்து எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பீடி பற்ற வைத்தார்கள். வழக்கமான நேரம் விட்டாள். அவன் பின்பாதையில் ஏறிக் குழாயடியில் நிற்பான் என்று நினைத்தாள். துணியை ஆட்டினாள்.

மலை ஒரு தடவை உடம்பை உதறியது. தூசி எழுந்து, நின்று, மெல்ல உட்கார்ந்தது. அப்போதுதான் அவள் விளிம்பைப் பார்த்தாள். வெள்ளைப் பொடி போர்த்திக்கொண்டு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. இடது செருப்பின் வாரை முந்தின நாள் அவள்தான் ஊக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அவள் கத்தினாள். மைக் கையிலேயே இருந்தது. என்ன கத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

சேவுகன் அன்றே தொப்பிப் பதிவைப் போட்டுக் காட்டினான். கம்பெனி ஆட்கள், போலீஸ், ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். ராக்கு குரல். தவசி குரல். “கேட்டுருக்கான். பதிலும் சொல்லிருக்கான். வரல,” என்றான் சேவுகன். “நான் என்ன தாயி செய்ய?”

செய்தி போனுக்குப் போனது. உண்மையிலேயே ஒரு வாய்க்காகச் செத்தவன் என்று படம் போட்டார்கள். சோற்றுக்குப் பிறகுதான் உயிர் என்று எழுதினார்கள். பதிலாட்கள் அதற்கும் சிரித்தன.

ஊரில் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நினைத்தார்கள். பொண்டாட்டி கூப்பிட்டும் வராதவன், பேர் வாங்கிய பவுசில் விளையாடிக் கெட்டவன். ராக்குவைத் துளைத்ததும் அதுதான். சாவதற்கு முன் அவன் தன் குரலைக் கேட்டானா? கேட்டும் வராமல் உட்கார்ந்திருந்தானா? கேட்டிருந்தால் ஏன் வரவில்லை? இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லையே. அழுகையைவிட அந்தக் கேள்விதான் அவளைச் சோறு தண்ணி இல்லாமல் உட்கார வைத்தது.

கருமாதி முடிந்த மறுநாள் ஒச்சு வந்து வாசலில் குந்தினான். கையில் தவசியின் தூக்குவாளி. ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்ததாம்.

“கழுவிக் குடுத்தாய்ங்களா?”

“இல்ல மதினி. தொறக்கவே முடியல. இப்பத்தான் நெம்பித் தொறந்தேன்.” அவன் நிமிரவில்லை. “சோறு அப்படியே இருக்கு. கெட்டுப்போயி, அப்படியே. ஒரு வாய் எடுக்கல.”

ராக்கு வாளியை வாங்கிக்கொண்டாள்.

“நான்தான கல்லத் தூக்குனேன்,” என்றான் ஒச்சு. “அண்ணன் கையில டிரில்லு இருந்துச்சு. பிடிச்சபடியே இருந்துச்சு. ஏறப் போறவன் டிரில்ல ஆப் பண்ணி வச்சிருப்பான்ல? எனக்கு அன்னைலருந்து ஒறக்கம் இல்ல மதினி. யாருட்டச் சொல்ல?”

“அப்ப அந்தக் கொரலு யாரு?”

உள்ளே சுவரில் சாய்ந்திருந்த தர்ஷினிதான் எழுந்து வந்தாள். கையில் போன். முகம் வீங்கியிருந்தது.

“அம்மா, அப்பா கடைசி மாசம் எனக்கு அனுப்புன வாய்ஸெல்லாம் இன்னைக்குத்தான் கேட்டேன்.”

போனை அமுக்கினாள். தவசியின் குரல் வந்தது. “சாப்டியா தாயி?” உடனே தர்ஷினி குரல், சந்தோஷமாக, “சாப்டேன்ப்பா, நீ?” மறுபடி தவசி. “இந்தா, இப்பத்தான். ஒடம்பப் பாத்துக்க.” “சரிப்பா, நீயும்.” இப்படியே தினமும்.

“இதுல ஒண்ணுகூட நான் இல்லம்மா. பரிச்சை இருந்துச்சு, எதுவும் காதுக்கு வராம வச்சிருந்தேன். அப்பா தினமும் கேக்குறதுனால இதையும் வழக்கமான பேச்சுன்னு அது எடுத்துக்கிருச்சு. அப்பா என்கிட்டப் பேசுனதாவே நெனச்சிருக்காரு.” அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். “அந்தத் தொப்பியும் இந்த மாதிரிதானாம்மா?”

ஒச்சு எழுந்து போய்ச் சேவுகனின் சட்டையைப் பிடித்தான். ஊர் திரண்டது. அதற்குப் பிறகுதான் சென்னையிலிருந்து அந்தப் பெண் வந்தாள்.

மெர்லின் என்று பேர். தொப்பிக்குள் ஓடுகிற மென்பொருளை எழுதுகிற குழுவில் இருப்பவள். கம்பெனிக் காரில் வராமல் பஸ்ஸில் வந்து, வழி விசாரித்து நடந்து வந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“ஆபீஸ்ல நாளைக்கு அறிக்கை குடுக்கப்போறாங்கம்மா. அதுக்கு முன்னாடி நான் நேர்ல சொல்லணும்னு வந்தேன். நான் வந்தது அவங்களுக்குத் தெரியாது.”

“சொல்லு பாப்பா.”

“விளையாட்டுப் பேச்சு காதுக்கு வராம இருக்கணும்னு கேட்டாங்க. அதுக்காக ஜனங்க அதிகமா அனுப்புற சத்தத்தையெல்லாம் தொப்பிக்குச் சொல்லிக் குடுத்தோம். அந்த மாதிரி வந்தா, போட்டிருக்கிறவங்க காதுக்கு விடாது. ஆனா பதில் வரலைன்னா அனுப்புனவங்க திரும்பத் திரும்ப அனுப்புவாங்க. அதனால தொப்பியே பதில் சொல்லிரும். அவங்கவங்க குரல்ல.”

“பதிலாளு.”

“ஆமா.” மெர்லின் நிமிர்ந்து பார்த்தாள். “அதுல முதல்ல வச்சதே நீங்க சொன்னதுதாம்மா. அதைவிட அதிகமா யாரும் எதையும் சொல்றதில்ல. நான்தான் சேர்த்தேன். அது நிஜமா ஒரு பள்ளத்துல, நிஜமா ஒருத்தரைக் கூப்புடுற குரல்னு எனக்குத் தெரியாது. ஏதோ பழைய காமெடின்னு நெனச்சேன்.”

“அப்ப அவருக்குக் கேக்கல.”

“கேக்கல.”

 அவன் கேட்டும் வராமல் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த ஒன்று ராக்குவின் நெஞ்சிலிருந்து இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறுவதை மெர்லின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மத்தவுகளுக்கெல்லாம் கேட்டுச்சே.”

“அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க. பேர் சொன்னா மட்டும் தொப்பி தானா பதில் சொல்லாதும்மா. அது ஒண்ணைப் பத்திரமா வச்சிருந்தோம். மணி அடிக்கும், ஆளே பதில் சொன்னாத்தான் நிக்கும்.”

“நான் பேரச் சொல்லியிருந்தா?”

மெர்லின் டம்ளரைக் கீழே வைத்தாள். பொய் சொல்லுவதற்கான நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை.

“கேட்டிருக்கும்.”

“இத அறிக்கையில எழுதுவாகளா?”

“அதை மட்டுந்தாம்மா எழுதுவாங்க. விதிப்படி பேர் சொல்லிக் கூப்பிடலைன்னு.”

ஒச்சு தரையில் துப்பினான். “ஏம்மா, அன்னைக்குப் பழக்க வந்தவன் பரவால்லன்னு சிரிச்சிட்டுப் போனானே, அத எதுல எழுதுவாய்ங்க? எங்க மதினி சத்தத்த ஊரே திருடித் தின்னுட்டு, கடைசியில அதையே அவ வாயிலருந்து வந்தா செல்லாதுன்னு சொன்னீகளே, அத எதுல எழுதுவாய்ங்க?”

“நான் எழுதிருக்கேன் அண்ணே. அதை வச்சு என்ன பண்ணுவாங்கன்னு தெரியல. வேலை போகும், அது பரவால்ல.”

“போனா வேற வேலைக்குப் போவ,” என்றான் ஒச்சு. 

போகும்போது மெர்லின் வாசலில் தயங்கினாள். “இன்னொண்ணும்மா. அவரோட குரல் இன்னும் உள்ள இருக்கு. விசாரணைக்குன்னு அவர் பேர்ல ஒரு புதுத் தொப்பி போட்டு வச்சிருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலத்தோட எல்லாத்தையும் அழிச்சிருவாங்க. நீங்க ஒரு தடவை...”

குவாரி மூடிக்கிடந்தது. டிரில் இல்லை, கிரஷர் இல்லை. மற்ற மூன்று பக்கமும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. சேவுகன் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். ராக்கு தலைத்துண்டைக் கட்டிக்கொண்டாள். வீட்டிலிருந்து எடுத்து வந்த தவசியின் செருப்பை விளிம்பில் அதே இடத்தில் வைத்தாள். மெர்லின் தொப்பியைச் செருப்புக்குப் பக்கத்தில் கல்மேல் வைத்துவிட்டு மைக்கைக் கொடுத்தாள். பலகையில் ஒரே ஒரு விளக்கு சிவப்பாக இருந்தது.

“சோத்த வச்சிட்டு ஏறி வாய்யா.”

“இந்தா, ஒரு வாய்,” என்றது தொப்பி.

தர்ஷினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விளக்கு பச்சையானது. ராக்கு மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும், “இந்தா, ஒரு வாய்.” அதே இழுப்பு, அதே அடக்கிய சிரிப்பு. மூன்றாவது தடவையும் அதே.

“இப்படி ஒண்ணுபோலச் சொல்ல மாட்டாரு,” என்றாள் ராக்கு. யாரிடமும் இல்லை. “ஒரு நாளு வாய் நெறயச் சோறு இருக்கும், பேச்சே வெளங்காது. ஒரு நாளு இருமுவாரு. சண்ட போட்டிருந்தா அன்னைக்குச் சத்தமே வராது, கல்ல எடுத்துப் பாறையில தட்டுவாரு. அதான் பதிலு.”

மெர்லின் விளக்கை மறுபடி சிவப்புக்குக் கொண்டுவந்தாள்.

ராக்கு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எடுத்தாள். நாக்கால் உதட்டை நனைத்தாள். ஒச்சு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் பள்ளத்தைப் பார்த்தாள். கீழ்மூலையில் உடைந்த பாறை வெள்ளையாக, புதுசாக இருந்தது.

“தவசி,” என்றாள்.

ரொம்பச் சின்னதாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நெஞ்சுக்குள் எத்தனையோ தடவை சொன்ன பேர்தான். வெளியே வந்ததும் யாரோ ஒருத்தன் பேர் மாதிரி இருந்தது. பிறகு மற்ற ஆட்களைக் கூப்பிடுகிற மாதிரி, கழுத்து நரம்பு புடைக்க, பள்ளம் முழுக்க எட்டும்படி கூப்பிட்டாள்.

“ஏ... தவசி. மேல வா.”

தொப்பி பேசவில்லை. அதற்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. வெறும் தொப்பிக்குள், கல்மேல், விடாமல் அடித்தது. விளக்கு சிவப்பாகவே இருந்தது.

சேவுகன் தூரத்திலிருந்து பார்த்தான். மெர்லின் குனிந்து அணைக்கப் போனாள். ராக்கு கையை நீட்டித் தடுத்தாள்.

“இருக்கட்டும். பதிலு வரல.”

சிவப்புத் துணி அவள் இடுப்பிலேயே செருகியிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிழக்கே வேறொரு குவாரியில் வெடி போட்டார்கள். மலை அதிர்ந்தது, செருப்பின் மேல் கொஞ்சம் தூசி வந்து உட்கார்ந்தது. ஒருத்தன் பதில் சொல்லவில்லை என்றாலும் துணியை ஆட்டக்கூடாது. அதுதான் அவள் வேலை. அவள் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள்.